வலது கால் மட்டும்

லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிய இரண்டாவது வாரம் மடத்துச் சிஸ்டர்கள் இரண்டு பேர் என் கடையைத் தாண்டி மாடிக்கு ஏறிப் போனார்கள். அன்றைக்குப் பிடித்தது சந்தேகம். அதற்குப் பிறகு பெரிய வெள்ளி வரைக்கும் அந்த வீட்டில் ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் நம்பவில்லை.

என் தையல் கடை அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே. அவர்களுக்குத் தரை, எனக்குக் கூரை. இரண்டும் ஒரே பலகை. மேலே கரண்டி விழுந்தால் எனக்குக் கேட்கும். ஒட்டுக்கேட்கிற புத்தி எனக்கு இல்லை. ஆனால் மிஷினை நிறுத்திவிட்டு நூல் கோக்கிற நேரத்தில் காதில் விழுவதை நான் என்ன செய்ய முடியும்? அந்த லெந்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே நூல் கோத்தேன்.

மேலே மூன்று பேர். இஸ்திரி அக்கா என்று தெருவே கூப்பிடுகிற அக்கா, அவளுடைய வீட்டுக்காரர் டிரைவர் அண்ணன், மருமகள். மகன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில். அண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். பின்னால் வருகிறவன் என்ன செய்யப் போகிறான் என்று கண்ணாடியைப் பார்த்தே ஓட்டியவர், வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பால்காரன் சிரித்தால்கூட, "இவன் ஏன் இன்னிக்குச் சிரிக்கிறான்?" என்பார். மருமகள் பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். பேச்சு குறைவு. அப்படிப்பட்ட பெண்ணை ஊர் அடக்கமானவள் என்று சொல்லும், மாமியார் அமுக்குணி என்று சொல்லுவாள். நானும் அக்கா பக்கம்தான் இருந்தேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு வேலை சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வரும். நீராவியில் சூடேறிய பெரிய உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் ஈர விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, சுருக்கம் விழாமல் உருளைக்குள் கொடுக்க வேண்டும். கவனம் தப்பினால் விரல் தோல் போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக அக்கா வலது மூலை. தரை எப்போதும் ஈரம் என்பதால் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுக்க நான் செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே போவேன். உள்ளே நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி மங்கிவிடும். துடைத்துப் போட்டால் முதலில் தெரிவது அக்காவின் முதுகு. அந்த வருஷம் அந்த முதுகு கொஞ்சம் வலது பக்கமாகவே சாய்ந்திருந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பூட்ஸில்தான் வினை. இடது பூட்ஸின் உள்தையல் பிரிந்து, சுண்டுவிரலுக்குக் கீழே உரசி உரசிப் புண்ணாகியிருக்கிறது. அக்காவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. புண் ஆறவில்லை. ஆறாததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவளுடைய கூடப்பிறந்த மூத்தவள் இதே மாதிரி ஒரு விரலைக் காட்டப் போய், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தாள். நாலு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்து போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து, ஆஸ்பத்திரி விரிப்புகளோடு நாள் முழுக்க மாரடிக்கிற அக்கா ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை. பஞ்சு, துணிக்கட்டு, அதன்மேல் இரண்டு காலுறை, குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. ஒளித்து வைத்துக் கதை சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இல்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மடம் தெருக்கோடியில். பதினோரு சிஸ்டர்கள், அவர்களுக்குத் தலைவியாக ஒரு மதர். ஆங்கிலிக்கன் மடம். ரோமன் சபை என்று நினைத்துப் போப்பாண்டவரைப் பற்றி விசாரிக்கிறவர்களை வாசல் சிஸ்டர் சலிக்காமல் திருத்துவார். லெந்து நாற்பது நாளும் அவர்களுக்கு வெண்ணெய் இல்லை, இனிப்பு இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மடத்துக் கூடத்தில் யார் வந்தாலும் சூப்பும் ரொட்டியும் உண்டு. மற்ற நாட்களில் இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போய், படுத்திருக்கிறவர்களைப் பார்ப்பார்கள், தனியாக இருக்கிறவர்களுக்குக் கடைக்குப் போய் வருவார்கள். இன்னொன்றும் உண்டு. லெந்தில் அவர்கள் கண்ணை உயர்த்திப் பார்ப்பதில்லை. கண் கண்ட இடத்தில் மேயக் கூடாது என்று பார்வையைத் தரையிலேயே வைத்திருப்பார்கள். அதுவும் விரதத்தில் சேர்ந்தது. சிலுவைகளை மூடுகிற ஊதாத் துணிக்கு வருஷா வருஷம் ஓரம் அடிக்கிறவள் நான், எனக்கு இது தெரியும். கிறிஸ்மஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற அக்காவுக்கு எப்படித் தெரியும்?

சிஸ்டர்கள் வந்த அன்று நான் மேலே ஜன்னல் திரைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். வாசல் சிஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கூட வந்த இளம் சிஸ்டர் அவருக்குப் பின்னால் நின்றார். இரண்டு பேர் பார்வையும் தரையில். தரையில் இருந்தவை அக்காவின் கால்கள்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றார் வாசல் சிஸ்டர், காலைப் பார்த்து.

"நல்லா இருக்கோம் சிஸ்டர். ஏன் கேக்கறீங்க?" அக்கா காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"சும்மாதான்மா. வேலையில ரொம்ப நேரம் நிக்கணுமோ?"

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலையே. சலவைக்கூடம்னா நின்னுதானே ஆகணும்."

டிரைவர் அண்ணன் செய்தித்தாளை மடித்தார். "சிஸ்டர், எங்க வீட்டுல படுத்துக் கிடக்கறவங்க யாரும் இல்ல. தனியா இருக்கறவங்களும் இல்ல. வேற வீடு பாக்கலாமே."

"எல்லா வீட்டுக்கும் போறோம் ஐயா. வெள்ளிக்கிழமை சூப்புக்கு வாங்க, அதைச் சொல்லத்தான் வந்தோம்."

அவர்கள் படியிறங்குகிற சத்தம் ஓய்ந்தது.

"ஒரு கிண்ணம் சூப்புக்காகவா ரெண்டு பேர் மாடி ஏறி வருவாங்க?" என்றார் அண்ணன்.

"என் காலையே பாத்தாங்க. கவனிச்சீங்களா?"

"உன் காலை எதுக்குப் பாக்கணும்? தரையைப் பாத்தாங்க. பலகை உளுத்திருக்கான்னு பாக்கறாங்க. வீட்டை வாங்கப் போறாங்க, எழுதி வெச்சுக்கோ."

"வாங்கி?"

"அனாதை விடுதி கட்டுவாங்க."

தரையைப் பார்ப்பது அவர்களுடைய விரதம் என்று நான் விளக்கினேன். "விரதம்னா சோத்தை விடுவாங்க. பாக்கறதையுமா விடுவாங்க?" என்று அண்ணன் என்னையே கேட்டார். அவருடைய சந்தேகப் பட்டியலில் அன்றிலிருந்து நானும் சேர்ந்தேன்.

மறுநாள் மருமகள் கம்பெனியிலிருந்து வெறுங்கையோடு வந்தாள். உடைந்த பிஸ்கட்டை வேலைக்காரர்களுக்குப் பை நிறையச் சும்மா கொடுப்பார்கள். அதில் எனக்கும் ஒரு பொட்டலம் இறங்கும். அன்றைக்கு இறங்கவில்லை. நான் நூல் கோக்க ஆரம்பித்தேன்.

"எங்கடி பிஸ்கட்டு?" அக்காவின் குரல்.

"லெந்து அத்தை. இந்த வருஷம் இனிப்பு விட்டுட்டேன்."

"நீ விட்டா நீ திங்காத. வீட்டுக்கு ஏன் கொண்டாரல?"

"வீட்டுல இருந்தா கை போகும்."

"யார் கை?"

குழாயைத் திறக்கிற சத்தம்தான் கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சலவைக்கூடத்தில், உருளை இரைச்சலுக்கு மேலாக அக்கா என் காதில் கத்தினாள். "போன வருஷம் லெந்து தொடங்கற சாம்பல் புதன் என்னிக்குன்னே தெரியாது இவளுக்கு. இப்ப என்ன திடீர்னு பக்தி? மடத்துல போய் என்னமோ வத்தி வெச்சிருக்கா. அதான் அவங்க வந்து பாத்துட்டுப் போறாங்க."

"இருக்கும்" என்றேன் நான். எதைப் பற்றி வத்தி வைப்பாள், வைப்பதற்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் நிம்மதி போய்விட்டது. மருமகள் வந்தால் பேச்சு நிற்கும். மருமகள் குளியலறையை அலசப் போனால், "நானே அலசிக்கறேன், அங்க என்னத்தத் தேடறே?" என்று அக்கா பாய்வாள். மருமகள் கீழே வந்து மடத்துப் பக்கம் திரும்பினால் அண்ணன் ஜன்னலில் நிற்பார். அந்தப் பக்கம்தான் பஸ் நிறுத்தம் என்பது அவருக்குத் தெரியாதா? வாரம் முழுக்க விடாத மழை வேறு. துணி காயவில்லை, ஆட்கள் வெளியே போகவில்லை, சந்தேகம் வீட்டுக்குள்ளேயே புழுங்கிக் கிடந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அண்ணன் வேவு பார்க்க மடத்துக்குப் போனார். வாசலில் இருந்த நோட்டில் வீட்டுப் பெண்கள் பெயரைக் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார். உள்ளே போய் இரண்டு கிண்ணம் சூப் குடித்தார். திரும்பி வந்து, "உப்பு கம்மி. பருப்பு மட்டும் நல்லா வெந்திருந்தது. ஒருத்தரும் வீட்டைப் பத்திப் பேசல. அதுதான் எனக்கு ஒதைக்குது," என்றார்.

அந்த நோட்டுதான் வினையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழக்கிழமை சாயங்காலம், சீடர்களின் காலை ஆண்டவர் கழுவிய நினைவாக மடத்துக் கோயிலில் மதர் பன்னிரண்டு பெண்களின் காலைக் கழுவுவார். அந்தப் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்த வருஷம் அக்காவின் பெயர் வந்தது. வாசல் சிஸ்டர் மறுபடி மாடி ஏறி, தரையைப் பார்த்தபடி, "உங்க காலை மதர் கழுவணும்னு வந்திருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அன்றைக்கு என் கடைக்கு வந்து, தைக்க ஒன்றும் இல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஏன் தையலு, எத்தனையோ பேர் இருக்க என் பேரு எப்படி வந்துது?"

"சீட்டுல வந்துது அக்கா."

"சீட்டு! அவங்க எழுதற சீட்டுதானே?" நூல்கண்டு ஒன்றை எடுத்து மேஜையில் உருட்டினாள். "ரெண்டு காலையுமா கழுவுவாங்க?"

"வலது கால் மட்டும்தான். ஒரு சொம்பு தண்ணி, ஒரு துண்டு, ஒரு முத்தம், முடிஞ்சுது. பன்னெண்டு துண்டும் தெச்சுக் கொடுத்தவ நான்."

"நிச்சயமா வலது மட்டும்தானே?"

"இடதைக் காட்டுன்னு யாராவது கேட்டா என்னை வந்து கேளுங்க."

"போகலன்னா?"

"ஏன் வரலன்னு தெருவே கேக்கும். சிஸ்டருங்க மறுபடி மாடி ஏறுவாங்க."

"அப்போ போயிட்டே வந்துடறேன்," என்றாள் அக்கா.

எங்கள் தெருவில் ஒரு கூத்து உண்டு. சீட்டில் பெயர் வந்த பெண்கள் அந்த வாரம் முழுக்கக் குதிகாலைக் கல்லில் தேய்ப்பார்கள், நகம் வெட்டுவார்கள், எண்ணெய் தடவுவார்கள். கழுவப் போகிற காலைக் கழுவிக்கொண்டுதான் போவார்கள். மதர் இத்தனை வருஷத்தில் ஒரு அழுக்குக் காலைக் கண்டதில்லை. அக்காவும் வலது காலைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு நாற்காலி. அக்கா ஏழாவது. எல்லாரும் இடது காலில் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு வலது காலை மட்டும் நீட்டியிருந்தார்கள். அக்காவின் இடது காலில் காலுறையும் மெல்லிய துணி ஷூவும். மதருக்கு எழுபது தாண்டிவிட்டது, கனத்த உடம்பு, முழங்கால் இரண்டும் பழுது. ஒவ்வொரு காலுக்கும் மண்டியிட்டு, இளம் சிஸ்டரின் தோளைப் பிடித்து எழுந்து, அடுத்த நாற்காலிக்கு நகர்ந்து வந்தார். ஏழாவது கால் முடிந்தபோது இளம் சிஸ்டர் சொம்பில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். பிடிக்கத் தோள் இல்லை. மதர் தடுமாறி, அக்காவின் இடது ஷூவின் மேல் கையை ஊன்றி, முழு உடம்பையும் அதில் ஏற்றி எழுந்தார்.

எழுந்தவர் கையைத் துண்டில் துடைத்தார். பிறகு கண்ணை உயர்த்தி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அந்த லெந்தில் எந்தச் சிஸ்டரும் யார் முகத்தையும் அப்படிப் பார்த்து நான் காணவில்லை. அக்கா மரியாதையாகச் சிரித்தாள். மதர் அந்தத் துண்டை உள்பக்கமாக மடித்து இடுப்புக் கயிற்றில் செருகிக்கொண்டு எட்டாவது பெண்ணிடம் போனார்.

ஆராதனை முடிந்ததும் பீடத்திலிருந்து துணி, விளக்கு எல்லாவற்றையும் அகற்றினார்கள். அந்த நேரத்திலிருந்து ஈஸ்டர் காலை வரைக்கும் மடத்தில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். வாசல் மணியைக்கூடத் துணியால் கட்டிவிடுவார்கள். அக்கா வீட்டுக்கு வந்து, "ஒரு வருஷத்துக்குத் தொல்லை விட்டுது," என்று சொல்லி ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்துப் பேசியது எனக்குக் கீழே கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை மழையில் மதர் வந்தார். வாசல் சிஸ்டர் முழங்கையைப் பிடித்திருந்தார். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார்கள். நான் கத்திரிக்கோலைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

மதர் நாற்காலியில் உட்காரவில்லை. "நான் இன்னிக்குப் பேசக் கூடாது," என்றார். "நாப்பத்தோரு வருஷமா பெரிய வெள்ளிக்கிழமை நான் வாய் திறந்ததில்ல. உன் இடது காலைக் காட்டும்மா."

அக்கா மதரைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மருமகள் சோப்புக் கையோடு நின்றாள்.

"கடைசியில போய்ச் சொல்லிட்டே இல்ல? தையலு, நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

"எதைச் சொன்னா? உன் காலுக்கு என்ன?" என்றார் அண்ணன். ஊரையே சந்தேகப்பட்டவருக்குப் பக்கத்தில் படுத்தவளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல," என்றார் மதர். "நேத்து எழுந்திருக்க முடியாம உன் இடது கால் மேல கையை ஊணினேன். என் கை ஈரமாச்சு. அது தண்ணி இல்ல. என் கனத்தைப் பாரு, அவ்வளவு அழுத்தியும் நீ சிரிச்சிட்டு உக்காந்திருந்தே. நீ கத்தியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். புண்ணுன்னா வலிக்கணும்மா. வலிக்காத காலைப் பாத்தாதான் பயம்."

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கீழே உட்கார்ந்தாள். அக்காவின் ஷூவைக் கழற்றி, காலுறை இரண்டையும் உருவி, கட்டின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேடாமலே அவிழ்த்தாள். உள்ளே இருந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. ஜன்னலைத் திறந்து விட்டேன். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். மருமகள் முகம் மட்டும் மாறவில்லை, அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கும் புரிந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"எப்ப இருந்து?"

"சாம்பல் புதனுக்கு முந்தின வாரத்துல இருந்து. நீங்க குளிச்சப்புறம் தரையைத் துடைக்கறது நான்தானே."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"உங்ககிட்ட சொன்னா வேவு பாக்கறேம்பீங்க. மாமாகிட்ட சொன்னா கோள் சொல்றேம்பீங்க. அவருக்குப் போன்ல சொல்லலாம்னா கப்பல்ல லைன் கிடைக்கல. கிடைச்சப்போ நீங்க பக்கத்துல நின்னீங்க. என்னால பிஸ்கட்டைத்தான் நிறுத்த முடிஞ்சுது." அவள் அவிழ்த்த கட்டுத்துணியைச் சுருட்டினாள். "சொல்லியிருக்கணும். என் தப்புதான் அத்தை."

எனக்கு அங்கே நிற்கக் கூசியது. சலவைக்கூடத்தில் நான் சொன்ன "இருக்கும்" நினைவுக்கு வந்தது. மதர் வேறு எதுவும் பேசவில்லை. வாசல் சிஸ்டர் கீழே ஓடிப் போய் மடத்து வண்டியைக் கூட்டி வந்தார்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. படுக்கப் போகுமுன் விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்து, "எங்க உருளைதான். மடிப்பு சரியில்ல, நான் இல்லாத நாளு போல," என்றாள்.

சனிக்கிழமை டாக்டர் அண்ணனையும் மருமகளையும் நடைபாதைக்குக் கூப்பிட்டார். பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். அழுகல் எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார். பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டும். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும். மத்தியானம் பேப்பரோடு வருகிறேன், கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அவகிட்ட சொல்லாதீங்க. பாதின்னு காதுல விழுந்தா ராவோட ராவா எந்திரிச்சு ஓடிடுவா, அவ அக்காவைப் பாத்தவ. ரெண்டு விரல்னு சொல்வோம். முடிஞ்சப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்." அவர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் சரி என்றேன். மருமகள் டாக்டர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனதும் அக்கா கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"ரெண்டு விரல்தான்," என்றார் அண்ணன். "சுண்டுவிரலும் பக்கத்து விரலும். ஒரு வாரத்துல வீட்டுக்கு வந்துடலாம்."

அக்கா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"இங்க பாரு. இனிமே என்ன தெரிஞ்சாலும் எங்கிட்ட சொல்லு. நான் கத்துவேன். நாலு நாள் பேச மாட்டேன். உன்னை என்னென்னமோ சொல்வேன். அப்பவும் சொல்லு. என்ன?"

"சரி அத்தை."

"சும்மா சரி சரின்னு தலையாட்டாத."

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் கண்ணைக் காட்டினார். நானும் காட்டினேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு விரல் இல்ல அத்தை. பாதிப் பாதம். அஞ்சு விரலும் போயிடும். குதிகால் இருக்கும். ஷூவுக்குள்ள அடைப்பு வெச்சு நடக்கலாம்னு டாக்டர் சொன்னார். முழங்காலுக்குப் போகாதில்லன்னு நான் ரெண்டு தடவை கேட்டேன். இப்பவே எடுத்தா போகாதுன்னார்."

அக்கா கத்தினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் என்றுதான் சொல்ல வேண்டும். பாவி என்றாள், சண்டாளி என்றாள், என் விரலை எண்ணிக்கிட்டே இருந்தியா என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தாள். அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றார், அவள் ஓடினால் மறிக்க. அவள் ஓடவில்லை. கத்தி ஓய்ந்து, மூச்சு வாங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும் மருமகளின் மணிக்கட்டை அவள் விடவே இல்லை.

"அந்தப் பேப்பர் வந்தா நீ படி," என்றாள் மருமகளிடம். "இவர் படிச்சா ரெண்டு விரல்னுதான் படிப்பார்."